வலிக்குப் பின்னால் ஒரு ‘ப்பு’

என் வாயில் வலது பக்கம் மேல்வரிசையில் நான்கு பல் கிடையாது. நான்கும் நல்ல பல். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை, ஈறு வீக்கம்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டர் எட்டு மாதத்துக்குள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் குறட்டில் பிடித்துக் காட்டி, “இவன்தான் ஆளு. இனிமே வலிக்காது” என்றார். அந்த மனிதரை இன்றைக்குத் தேரடியில் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

ஆனால் கோபத்தை எல்லாம் அவர் ஒருத்தர் தலையில் கொட்டிவிட்டால் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்காது. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் இராஜபாளையத்துக்காரி. பி.காம். முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஆர்டர் கடிதங்களை இங்கிலீஷில் டைப் அடிப்பேன். எண்பத்தொன்றில் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஆபீஸும் போய்விட்டது, இங்கிலீஷும் போய்விட்டது. கணவருக்குப் பாத்திரக்கடை. வீட்டில் அவரும் நானும் மாமியாரும். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். ஏழாவது வருஷம் முகத்திலும் கோளாறு வந்து சேர்ந்தது.

எண்பத்தேழு ஆடி மாதம். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று தெரு மண்ணை வாரி வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் குழாயடியில் முகம் கழுவினேன். வலது மூக்கோரம் தண்ணீர் பட்டதும் மேலுதட்டிலிருந்து கண்ணுக்குக் கீழே வரைக்கும் கரண்ட் அடித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியில் ஒருமுறை நான் ஷாக் வாங்கியிருக்கிறேன். அதே ஷாக், கன்னத்துக்குள். நாலைந்து வினாடிதான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கையிலிருந்த சொம்பு நழுவிக் கல்லில் விழுந்து நசுங்கியதற்கு மாமியார் திட்டினார். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் சொம்பு நசுங்குவது பெரிய விஷயம்.

அன்றைக்கு ஒரு தடவை வந்தது. பத்து நாள் கழித்து ஒரு நாளைக்கு முப்பது தடவை வந்தது. பல் தேய்த்தால் வரும். சோற்றை மென்றால் வரும். ஃபேன் காற்று பட்டால் வரும். பேசினால் வரும். குறிப்பாக ‘ப’, ‘ம’ என்று உதட்டை ஒட்டிப் பேசினால் கட்டாயம் வரும். ‘அம்மா’ என்று கத்தக்கூட முடியாத வலி உலகத்தில் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பேச்சைக் குறைத்தேன். கேட்டதற்குத் தலையாட்டினேன். முகத்தை அசைக்காமல் ஒரே வாட்டத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு மருமகள் பேசாமல், சிரிக்காமல், சரியாகச் சாப்பிடாமல் நடமாடினால் நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுதாளே. அப்படி என்ன நான் சொல்லிப்புட்டேன்?” என்று மாமியார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஆரம்பித்தார். அவர் சொன்னதிலும் பாதி நிஜம் இருந்தது. நான் முகத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். கீழே இறக்கினால் ஷாக் அடித்தது.

குளிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் மஞ்சள் பூசுவேன். வலது கன்னத்தில் கை வைக்க முடியாது. அரை முகம் மஞ்சளோடு ஒரு சுமங்கலி வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் கோலம் போட்டால் அந்த வீடு விளங்குமா என்பது மாமியாரின் கேள்வி. மெல்ல முடியாததால், அவ்வப்போது பால்கோவாவை வாங்கி நாக்கில் வைத்துக் கரைய விட்டு விழுங்குவேன். அது வேறு வினையாகப் போயிற்று. “சோறு எறங்காதாம்லா, பால்கோவா மட்டும் எறங்குதாம். இப்படி ஒரு சீக்கு நமக்கு வரலையே” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது ஒரு தடவை. சிரித்ததால் வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணவர் கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். கடையை விட்டு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, “இன்னும் பல்லுவலி போகலையா?” என்பார். பல்வலி என்று முடிவு செய்தவர் அவர்தான். அதற்கப்புறம் அதை மாற்ற யாராலும் முடியவில்லை.

முதலில் நாட்டு வைத்தியம். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் பல்லில் இருக்கிற புழு விழும் என்று மாமியார் ஒரு கொட்டாங்கச்சியில் தணலோடு வந்தார். சூடான புகை கன்னத்தில் பட்டதும் நான் போட்ட கூச்சலில் கொட்டாங்கச்சி உருண்டு பாய் பொசுங்கியது. “பாத்தியா, புழு துடிக்கி” என்றார். பிறகுதான் பல் டாக்டர். கொடுமை என்னவென்றால், பல்லைப் பிடுங்க அவர் ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் வலி சுத்தமாக இருக்காது. மரத்துப்போன கன்னத்தோடு, சரியான பல்லைத்தான் எடுத்திருக்கிறார் என்று நானும் நம்பி வருவேன். ஊசியின் வேலை முடிந்ததும் ஆரம்பிக்கும். அப்படியானால் அடுத்த பல்லாக இருக்கும் என்பார். நான்காவது பல்லையும் எடுத்துவிட்டு ஐந்தாவதைத் தட்டிப் பார்த்தபோது நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சித்திரையில் அண்ணன் வந்தான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் தறி ஷெட்டில் சூப்பர்வைசர். தங்கச்சி ஒட்டிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. “மாப்ள, நாளைக்கு இவளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றான், அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் காற்று படாமலிருக்க, கொண்டுவந்திருந்த காஸ் துணிச் சுருளைப் பிரித்து என் தலையையும் கன்னத்தையும் சேர்த்துச் சுற்றினான். விபத்தில் அடிபட்டவள் என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். பத்து மாதத்தில் என் முகத்துக்காக ஒருவர் இரக்கப்பட்டது அன்றைக்குத்தான். அதுவும் தப்பாகப் புரிந்துகொண்டு.

மதுரை நரம்பு டாக்டருக்கு ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. எங்கே வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எது தொட்டால் வரும் என்று மூன்று கேள்வி. பிறகு என்னை வாயைத் திறக்கச் சொல்லி, பல் இருந்த இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “பாவம், பல்லு என்ன பண்ணுச்சு?” என்றார். முகத்தின் உணர்ச்சிக்கென்று ஒரு நரம்பு இருக்கிறது, அது மூன்றாகக் கிளை பிரிகிறது, உன்னுடையது இரண்டாவது கிளை, மேல்வரிசைப் பல்லுக்கும் அதே கிளைதான் போகிறது, அதனால்தான் பல் மேல் பழி விழுந்தது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒரு மாத்திரை எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், நிறுத்துவதாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், திடுதிப்பென்று நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் வலி பாதியானது. ஒன்பதாம் நாள் முகம் முழுக்க சோப்புப் போட்டுக் கழுவினேன். வலது கன்னத்தில் மஞ்சள் பூசிக் கண்ணாடியில் பார்த்தேன், நன்றாக அழுதேன். அன்றைக்கு மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன். மாமியாருக்கு ஒவ்வொரு கேள்விக்கும் வாய் நிறையப் பதில் சொன்னேன். பத்து மாதப் பாக்கி இருந்ததே. ஊமையாக இருந்ததே நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. ஆரம்பத்தில் தலை கிறுகிறுக்கும், நடை தள்ளாடும், கண் சொருகும். ஒருநாள் கோயிலில் சேவைக்கு வரிசையில் நிற்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த மாமியார் அதைக் கவனித்து மனசில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலி மாத்திரை அட்டையை மடியில் சொருகிக்கொண்டு கடைத்தெரு மெடிக்கல் ஸ்டோருக்குப் போயிருக்கிறார். என்ன மாத்திரை என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் நின்ற புண்ணியவான் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது காக்கா வலிப்புக்குத் தார மாத்திரைல்லா. வீட்டுல யாருக்கு?” என்றிருக்கிறான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த மாத்திரை வலிப்புக்கும் கொடுப்பதுதான். ஆனால் என் மருந்துச்சீட்டைப் பார்க்காமல், எதற்கு என்று கேட்காமல், பத்துப் பேர் நிற்கிற கடையில் அவன் அந்த வார்த்தையைப் போட்டான். வலி என்று போன அட்டை வலிப்பு என்று திரும்பி வந்தது. போய் வந்த வழியில் ஒரு ‘ப்பு’ கூடிப்போயிற்று. மாமியார் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே. ஏழு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அன்றைக்குக் கையில் கிடைத்துவிட்டது.

“ஏட்டி, ஒனக்கு வலிப்பு உண்டுன்னு ஒங்க வீட்டுல ஏன் மறைச்சாக?”

“அத்தை, வலிப்பு இல்ல. வலி. மூஞ்சில வலி.”

“ரெண்டும் ஒண்ணுதான. மாத்திரை ஒண்ணுல்லா?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது சரியான பதில் தெரியவில்லை. அதுதான் வினை. சொந்தத்தில் ஒருவர், கணவரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் பேசுவதைவிட அவர்தான் அதிகம் சட்டம் பேசுவார். வலிப்பு உள்ளதை மறைத்துக் கட்டிவைத்திருந்தால் கோர்ட்டில் போட்டு அந்தக் கல்யாணமே செல்லாது என்று வாங்கிவிடலாம், ஜீவனாம்ச வழக்கு மாதிரி இழுக்காது என்று அவர் எடுத்துச் சொன்னார். இது நிஜம். அந்தக் காலத்துச் சட்டத்தில் வலிப்பும் ஒரு காரணமாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். எடுத்தவர்களுக்கு என் நமஸ்காரம், பத்து வருஷம் முந்தி எடுத்திருக்கலாம்.

அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்த பிறகு கணவர் என்னிடம் பேசுவதைக் குறைத்தார். மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று மாமியார் கான்சாபுரத்திலிருந்து வந்த ஒரு உறவுக்காரியிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னதை என் காதால் கேட்டேன். எனக்குப் பயம் வந்தது. அந்த வீட்டின் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் வலிப்புக்காரி என்று அனுப்பப்பட்டால் இராஜபாளையத்தில் அண்ணன் மகளுக்கு நாளைக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? அது பரம்பரை என்று சொல்லாத வாய் உண்டா?

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றா? அவருக்கு வெளியே கூட்டம் நின்றது. “படிச்ச பொண்ணுதான, நீயே படிச்சுப் பாரு” என்று அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, ஒரு அத்தியாயத்தில் விரலை வைத்துக் கொடுத்தார். அண்ணன் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்தான். இருபத்திரண்டு பக்கம்.

அதை நான் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். சமையல் முடிந்து மாமியார் கோயிலுக்குப் போகிற நேரத்தில் உட்கார்ந்து, ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுதினேன். சின்ன மாமனார் முன்னால் வாசித்துக் காட்டுவதற்காக. என் வலிக்கு இவ்வளவு பழைய சரித்திரம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரத் தூதர் ஒருவரின் மனைவிக்குப் பாரிஸ் பட்டணத்தில் இதே வலி வந்து, பல்லைப் பிடுங்கியும் அடங்காமல், ஒரு வைத்தியர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கடிதம் எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முந்தி! காரணம் பல் இல்லை என்று முந்நூறு வருஷமாகத் தெரிந்த ஒரு சங்கதி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அப்புறம் பிரான்சில் ஒரு ரண வைத்தியர் அதற்கு ‘வலிக்கிற சுண்டல்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார், முகம் சுண்டி இழுப்பதால். பெயர் கிடைத்ததும் ஆளாளுக்கு மருந்து கொடுத்தார்கள். அட்டைப் பூச்சியைக் கடிக்க விட்டார்கள். மலேரியா மருந்து, பாஷாணம், இரும்பு உப்பு, விஷச்செடிச் சாறு என்று எது கையில் கிடைத்ததோ அது. சிலர் கத்தியை எடுத்து முகத்து நரம்பை அறுத்தார்கள். அதிலும் தப்பு நரம்பு. முகத்தில் உணர்ச்சிக்கு ஒரு நரம்பு, அசைவுக்கு வேறு நரம்பு என்பது அப்போது பிரித்துத் தெரியாது. அசைவு நரம்பை அறுத்ததும் வாய் ஒரு பக்கம் கோணித் தொங்கிப்போனது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். எனக்குப் போனது நான்கு பல்லோடு போயிற்று.

பிறகுதான் இங்கிலாந்தில் ஒருவர் இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்டினார். நரம்பில் சாராய ஊசி போட்டார்கள், மண்டையைத் திறந்து வேரை அறுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், மண்டைக்குள் ஒரு ரத்தக்குழாய் நரம்பின் வேரில் உரசிக்கொண்டு கிடப்பதுதான் பலருக்குக் காரணம் என்று சிலர் கண்டுபிடித்து, அதை விலக்கி வைக்கவும் செய்தார்கள். ரத்தக்குழாய் துடிக்கும்போதெல்லாம் நரம்பைத் தேய்க்கிறது. ஆக, என் முகத்தை நான் தூக்கி வைக்கவில்லை, ஒரு நூல் தண்டி குழாய் இடித்துக்கொண்டிருந்தது.

மாத்திரை கதை இன்னொரு பக்கத்தில் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் முந்தி இன்னொரு பிரெஞ்சு டாக்டர் இந்த வலியைப் பார்த்துவிட்டு, இது சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது, உச்சிக்குப் போகிறது, சட்டென்று நின்றுவிடுகிறது, வலிப்பு மாதிரியே இருக்கிறதே என்று எழுதினார். வலிப்பு என்று சொல்லவில்லை, வலிப்பு மாதிரி என்றார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் வலிப்பு மருந்தை முகவலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது. அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடலாம், சண்டைக்கும் போகலாம். அவரால்தான் சோறு தின்றேன், அவரால்தான் என் தாலிக்கு ஆபத்து வந்தது.

ஆனி மாதக் கடைசியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சின்ன மாமனார், கணவர், மாமியார், இராஜபாளையத்திலிருந்து அண்ணன். நான் நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். தூதர் மனைவி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒன்றையும் மறைக்கக்கூடாது, மறைத்தாள் என்பதுதானே குற்றச்சாட்டு என்று நினைத்து, பிரெஞ்சு டாக்டர் எழுதியதையும் அப்படியே வாசித்தேன். என் ஆயுளில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது.

சின்ன மாமனார் கையைத் தூக்கினார். “நிறுத்து. அந்த வரியை இன்னொரு தடவ வாசி.”

வாசித்தேன்.

“ஆக, இது வலிப்பு மாதிரின்னு டாக்டரே எழுதியிருக்காரு. வேற சாட்சி எதுக்கு?”

“மாதிரின்னுதான் மாமா போட்டிருக்கு. வலிப்புன்னு போடல.”

“மாதிரின்னா என்ன? அண்ணன் மாதிரின்னா அண்ணன் தான?” என்றார். எந்தக் கோர்ட்டில் இப்படிப் பேசுவார்களோ தெரியாது.

அண்ணன் எழுந்து கத்த ஆரம்பித்தான். மாமியார் பதிலுக்குக் கத்தினார். அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார். சண்டையை அமர்த்துகிற தோரணையில், ரொம்ப நியாயமான குரலில் பேசினார்.

“எனக்கு ஒம்மேல சந்தேகம் இல்ல. ஆனா ஊரு வாயை அடைக்கணும்ல? பத்து நாளைக்கு மாத்திரையை நிறுத்திக் காட்டு. வலிப்பு வரலைன்னா இவியளே ஒத்துக்கிருவாக. ஆடிப்பூரத் தேர் பாக்கச் சொந்தக்காரங்க எல்லாரும் வருவாக, அதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சிரும்.”

திடுதிப்பென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அண்ணன் சொன்னான். “பாத்தீகளா, நிறுத்துனா வந்துரும்னு பயப்படுதாக” என்றார் மாமியார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தேன். “எண்ணிக்கோங்க” என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, என் திமிர்தான். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆடி முதல் தேதியிலிருந்து பத்து நாள் என்று முடிவானது. இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்ப வந்தது. முன்னைவிட அதிகமாக வந்தது. அதே காற்று, அதே மண். கதவைச் சாத்தி வைத்தால், “மறைவுல என்ன செய்யுதாளோ” என்று மாமியார் திறந்து வைத்தார். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தால் எழுந்தார். கிணற்றடிக்குப் போனால் சாவிக்கொத்தும் கூட வந்தது. சின்ன மாமனார் கோர்ட் முடிந்து தினமும் வந்து, “வந்துச்சா?” என்பார். “இன்னும் வரல” என்பார் மாமியார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஆறாம் நாள் மத்தியானம் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசல் கதவு படாரென்று அடித்து, காற்று நேராகக் கன்னத்தில் விழுந்தது. அந்த மாதிரி அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தேன். கால் உதைத்துக் கீரைத்தட்டு கவிழ்ந்தது.

“வந்துருச்சு! ஏய், வந்துருச்சு! எல்லாரும் ஓடியாங்க!”

அந்தக் குரலில் பயம் இல்லை. மாமியார் பாய்ந்து வந்து என் விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தை உள்ளங்கையில் அழுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் வாசலில் கூடினார்கள். ஒருத்தி வாயில் நுரை தள்ளுகிறதா என்று குனிந்து பார்த்தாள். வலிப்பு வந்தவளுக்கு நினைவு இருக்காது, எழுந்தபிறகு நடந்தது தெரியாது என்று சின்ன மாமனார் முதல் நாளே எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தார். அது எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். கொத்தைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு சாவியாக நகர்த்தினேன்.

“இது பீரோ சாவி. இது பூசை அலமாரி. இது கடைப் பூட்டு. இது நெல் ரூம்பு.”

‘பீரோ’வில் ஒரு அடி, ‘பூசை’யில் ஒரு அடி, ‘பூட்டு’க்கு ஒன்று, ‘ரூம்பு’க்கு ஒன்று. கண்ணில் நீர் கொட்டியது, ஆனால் ஒரு சாவியையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கொத்தை அவர் மடியில் வைத்தேன். மாமியாரின் முகம் அப்படியே வாடிப்போயிற்று. இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பிவிட்டது மாதிரி இருந்தது அந்த முகம். கூட்டம் கலைந்தது.

மிச்சம் நான்கு நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கஞ்சியை ஸ்பூனில் நாக்குக்கு அடியில் விட்டு இறக்கினேன். பத்தாம் நாள் சின்ன மாமனார் வந்து, “வரலை. அப்ப இல்லதான். கேசு நிக்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். கணவர் சிரித்த முகத்தோடு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு பையில் நாலு சேலையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, முகத்தில் காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு, தனியாக டவுன் பஸ் ஏறினேன். தேர் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்று மாமியார் கேட்டார்.

இராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “நொப்பி எலா உந்தி?” என்று கேட்டார். வலி எப்படி இருக்கிறது என்று. பத்து நாளாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அது எனக்குப் பாதிதான் தெரிந்த பாஷையில் வந்ததால் புரிந்துகொள்ளச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடிப்போய் அழுதேன்.

பழைய கம்பெனியில் திரும்ப டைப் அடிக்கப் போனேன். புரட்டாசியில் கணவர் வந்தார். ஒரு கிலோ பால்கோவாவும் புது வெண்கலச் சொம்பும் கொண்டுவந்தார். எல்லோரிடமும் தானே முன்னின்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு வலிப்பு கிடையாது, நாங்கள் பரீட்சை வைத்தே பார்த்துவிட்டோம் என்று சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் சொன்னாராம். அம்மாவும் மனசு மாறிவிட்டார், வீட்டுக்கு வா என்றார். குரலில் பிரியம் இருந்தது. வாரேன் என்று சொல்ல எனக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்று தோன்றியது.

“அந்தப் பத்து நாளும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?”

அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“அதான் ஒண்ணும் வரலையே” என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டு, அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரச் சொன்னேன்.